காளானின் நொதியமும் ஆய்வுகூடத் தொலைபேசியும்

ஆய்வுகூடத்தில் எனக்குப் பிடித்த வேலை காளான் அரைப்பதுதான். காளான் என்றதும் குடை விரித்து நிற்பதை நினைத்துவிடாதீர்கள். நாங்கள் அரைத்தது, கண்ணாடிக் குடுவைகளில் இனிப்புத் தண்ணீர் விட்டு வளர்த்த அதன் வெள்ளை நூல்களை. நனைந்த பஞ்சு மாதிரித் திரண்டு கிடக்கும். அதை வடித்தெடுத்து, திரவ நைதரசனை ஊற்றிக் கல்லாக உறைய வைத்து, வெண்புகை பறக்கப் பறக்க ஒரு பீங்கான் உரலில் போட்டு இடித்து மாவாக்க வேண்டும். நடுவில் உருகிவிட்டால் எல்லாம் வீண். என் கைவேகத்தைப் பார்த்த பேராசிரியர், இதை எங்கே பழகினாய் என்று கேட்டார். ஊரில் தேங்காய்ச் சம்பல் இடித்த கை என்று சொன்னால் அந்த மனிதருக்கு விளங்கவா போகிறது? பல்கலைக்கழகத்தில் என்று சொல்லிவைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவில், மோர்னிங்சைட் என்ற இடத்தில், ஒரு அடுக்குமாடி வீட்டில் நானும் கணவரும் மாமியும் இருந்தோம். மாமி என்றால் கணவரின் தாய். கணவருக்கு ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்கிற ஃபக்டரியில் காலை வேலை. நான் டோனட் கடையிலும் துப்புரவு வேலையிலும் சில வருடங்களைத் தொலைத்துவிட்டு, ஒருவழியாக, படித்த படிப்போடு ஏதோ ஒட்டுறவு உள்ள வேலையாக, நகரத்தின் நடுவில் இருந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். பஸ்ஸிலும் சப்வேயிலும் போய்வருவதே அரை வேலை. ஆனாலும் வெள்ளை மேலங்கியைப் போட்டுக்கொண்டு நிற்கிறபோது நான் திரும்பவும் நானாக இருப்பது போலத் தோன்றும்.

நாங்கள் தேடியது ஒரு நொதியத்தை. பள்ளிக்கூடத்தில் நான் படித்த தமிழ்ப் புத்தகத்தில் என்சைமுக்கு அதுதான் பெயர். பட்டுப்போன ஓக் மரங்களின் அடியில் செம்மஞ்சள் நிறத்தில் கொத்துக் கொத்தாக முளைக்கிற ஒரு காளான் இருக்கிறது. பார்க்க ஆசையாக இருக்கும். தின்றால் குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுக்கும். அந்த நஞ்சைப் பக்குவப்படுத்தினால் புற்றுநோய்க்கு மருந்தாகலாம் என்று எங்கள் பேராசிரியர் நம்பினார். ஆனால் காளானுக்குள் அது எப்படி உருவாகிறது? எல்லா உயிர்களிடமும் இருக்கிற ஒரு சாதாரண மூலப்பொருளை எடுத்து, வளைத்து முடிச்சுப் போட்டு, நஞ்சை நோக்கி முதல் அடி எடுத்து வைக்கிற நொதியம் ஒன்று அதற்குள் இருந்தாக வேண்டும். அரைத்த சாற்றிலோ ஆயிரக்கணக்கான புரதங்கள். அவற்றில் எது அந்த வேலையைச் செய்கிறது? கல்யாண மண்டபத்தில் என் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு போனவர் யார் என்று தேடுவது போன்ற வேலை.

தேடுகிற வழி இதுதான். சாற்றைப் பல பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒரு சிறிய குழாயில் விட்டு, கதிர்வீச்சு ஏற்றிய மூலப்பொருளில் ஒரு துளி சேர்ப்போம். ஆய்வுகூடத்தில் அதற்கு 'ஹொட்' என்று பெயர். சூடு ஒன்றும் கிடையாது, ஐஸ்பெட்டியில்தான் இருக்கும், ஆனாலும் ஹொட். நொதியம் இருக்கிற குழாயில் அந்த மூலப்பொருள் உருமாறிவிடும். மேலே பெற்றோல் மணக்கிற ஒரு திரவத்தை ஊற்றிக் குலுக்கினால் உருமாறியது அதோடு மேலே வந்துவிடும், மாறாதது கீழே தண்ணீரிலேயே நின்றுவிடும். மேலே வந்ததைச் சின்னப் போத்தலில் எடுத்து, கதிர்வீச்சுப் பட்டால் ஒளிவிடுகிற இன்னொரு திரவத்தைக் கலந்து, அந்த மாடிக்கே பொதுவாக இருந்த எண்ணும் இயந்திரத்தில் வைப்போம். அது போத்தல்களை ஒவ்வொன்றாக விழுங்கி, உள்ளே மினுங்குகிற ஒளியை எண்ணி, கடுதாசியில் அடித்துத் தள்ளும். பெரிய எண் வந்தால் நொதியம் அகப்பட்டது என்று பொருள். வராவிட்டால் திரும்பவும் உரல்.

மாதக்கணக்காகச் சின்ன எண்களே வந்தன. வருட முடிவுக்குள் எதுவும் கிடைக்காவிட்டால் இந்த ஆராய்ச்சி நின்றுவிடும், நீ வேறு வேலை பார்க்க வேண்டியதுதான் என்று பேராசிரியர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இயந்திரத்துக்கு முன்னால் நின்று, பிள்ளையாரே, ஒரு பெரிய எண் போடும் என்று நான் மன்றாடாத நாளில்லை.

அந்த நேரத்தில்தான் நான் மூன்றாவது தரம் கர்ப்பமானேன்.

முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது தரம், மில்லிக்கனில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாமி சந்தோசம் தாங்காமல் ஒருவரின் காதில் சொல்ல, சாப்பாடு முடிவதற்குள் மண்டபம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆளுக்காள் வந்து முதலில் என் வயிற்றைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. அதனால் இந்த முறை மாமி கட்டளையே போட்டுவிட்டார்.

"பிள்ளை, இந்த முறை சுவருக்கும் சொல்லக்கூடாது. மூண்டு மாசம் கழியட்டும். வயிறு தானாத் தெரியட்டும். கேட்டால் இல்லையெண்டு சொல்லு."

"வேலை இடத்திலை சொல்லவேணும் மாமி. அங்கை ஒரு சட்டம் இருக்கு."

"சட்டமோ? அந்தச் சட்டம் வந்து பிள்ளையைக் காப்பாத்துமோ?"

அதோடு நிற்கவில்லை. கண்ணூறு கழிக்கிறேன் என்று உப்பையும் செத்தல் மிளகாயையும் என் தலையைச் சுற்றி எடுத்து, அடுப்பில் சட்டியை வைத்துப் போட்டார். கனடா வீட்டின் புகை அலாரம் கண்ணூறுக்கெல்லாம் பழகியதா என்ன? அது கூவிய கூவலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். நான் துவாயால் அலாரத்துக்கு விசுக்க விசுக்க, மாமி இருமிக்கொண்டே, "பார், எவ்வளவு கண்ணூறு இருந்திருக்கு" என்றார்.

விஞ்ஞானம் படித்தவள் இதையெல்லாம் நம்பினாயா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தரம் வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டு வந்து கேளுங்கள், பதில் சொல்கிறேன். நான் எல்லாவற்றையும் நம்பினேன். டொக்டர் தந்த விற்றமினையும் நம்பினேன், மாமியின் மிளகாயையும் நம்பினேன். எல்லாவற்றுக்கும் பயந்தேன். பஸ் குலுங்கினால் பயம். யாராவது கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால் பயம். கர்ப்பிணிகள் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் ஹொட் வேலையிலிருந்து விலக்கப்படுவார்கள் என்ற ஆய்வுகூடத்து விதி எனக்குத் தெரியும். நாங்கள் பாவித்தது மெலிந்த வகைக் கதிர்வீச்சு, தோலைக்கூடத் தாண்டாது என்பதும் தெரியும். ஆனால் வாய்வழியாகவோ தோலுக்குள் ஊறியோ உடம்புக்குள் போய்விட்டால் கதை வேறு. அதனால் கையுறைக்கு மேல் கையுறை போட்டேன். வயிறு மேசையில் முட்டாமல், கையை நீட்டி, எட்ட நின்று வேலை செய்தேன். இன்னும் சில வாரங்கள்தானே, மூன்று மாதம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கணவர் எதுவும் சொல்லவில்லை. அவர் எதற்கும் எதுவும் சொல்வதில்லை. முதல் இரண்டு தரமும் ஆஸ்பத்திரியிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தபோதும் ஒரு சொல் பேசவில்லை. வந்ததும் சாப்பிட்டார், படுத்தார், விடிய வேலைக்குப் போனார். எனக்கு அது ஆறாத கோபம். மரக்கட்டை என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

மாதத்துக்கு ஒருமுறை கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி வருவார். நரைத்த தலை, மெல்லிய குரல், நல்ல மனிதர். காசு அளவிலான வட்டக் கடுதாசிகளால் மேசை, கதவுப்பிடி, தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றையும் துடைத்து, அந்தக் கடுதாசிகளை எங்கள் எண்ணும் இயந்திரத்திலேயே போட்டுப் பார்ப்பார். எங்காவது ஹொட் சிந்தியிருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் ஆய்வுகூடம் எப்போதும் துப்புரவு என்று பாராட்டிவிட்டுப் போவார்.

அந்த மாதம் பாராட்டவில்லை. சுவரில் இருந்த தொலைபேசியைத் துடைத்த கடுதாசியில் பெரிய எண் வந்திருந்தது. யாரோ கையுறையைக் கழற்றாமல் ரிசீவரை எடுத்திருக்கிறார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் அந்தத் தொலைபேசியில் மாமியோடு கதைப்பவள் நான்தான். சாப்பிட்டியோ, பாரம் ஒண்டும் தூக்கேல்லைத்தானே என்று அவர் கேட்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று ரிசீவரை உதட்டோடு ஒட்டிப் பிடித்து முணுமுணுப்பேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. கதைத்து முடிந்ததும் கீழே போய், கொண்டுவந்த புட்டைக் கையால் குழைத்துச் சாப்பிடுவேன். கை கழுவுவேன். எப்போதும் கழுவுவேன். ஆனால் எப்போதுமா கழுவினேன்? பசியில் ஒருநாள் நேரே போய் உட்கார்ந்திருக்கமாட்டேனா? எவ்வளவு யோசித்தும் என் கைகளைப் பற்றி என்னால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அதிகாரி எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக நடைபாதைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். ஆய்வுகூடத்தில் பேராசிரியரையும் என்னையும் தவிர, ஆராய்ச்சி செய்யவந்த ஒரு சீனப்பெண் இருந்தார். அவரை விட்டதும் என்னைக் கூப்பிட்டார். தொலைபேசியை எவ்வளவு பாவிப்பேன் என்று கேட்டார். சொன்னேன். பிறகு கொஞ்சம் தயங்கி, ஆங்கிலத்தில், நீங்கள் கர்ப்பமாக இல்லையே என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பொய் சொல்வதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "யெஸ்" என்றேன்.

"யெஸ்?" என்று புருவத்தைத் தூக்கினார்.

நம்பவில்லை போலிருக்கிறது என்று, "யெஸ், யெஸ்" என்று இன்னும் அழுத்திச் சொன்னேன். அவர் தலையை மெதுவாக ஆட்டி, சொன்னதற்கு நன்றி என்றார். தப்பிவிட்டேன் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே வந்தேன்.

அடுத்தநாள் காலை போனபோது என் மேசையில் சீனப்பெண் நின்றார். என் குழாய்கள், என் ஹொட், எல்லாம் அவர் கையில். இனி நீ அரைக்கிற வேலையை மட்டும் பார்த்தால் போதும் என்றார் பேராசிரியர். அரைக்கிற இடத்தில் நான் உட்காருவதற்கு ஒரு புதுக் கதிரை போடப்பட்டிருந்தது. அந்த மனிதர் தன் வாழ்நாளில் யாருக்கும் கதிரை போட்டிருக்கமாட்டார். நைதரசன் தாங்கியைத் தூக்கப் போனால் சீனப்பெண் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். மத்தியானம் ஒரு தோடம்பழத்தை உரித்து என் முன்னால் வைத்தார்.

ஏன் இவ்வளவு அன்பு? எனக்கு இரண்டு காரணங்கள்தான் தெரிந்தன. ஒன்று, வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள். டோனட் கடையிலும் நிறுத்துகிற கிழமை முதலாளி இப்படித்தான் குழைந்தார். மற்றது, அதைவிட மோசமானது. தொலைபேசியிலிருந்து என் உடம்புக்குள் ஏதோ போய்விட்டது, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் சொல்லவில்லை. சாகப்போகிறவர்களுக்குத்தானே மற்றவர்கள் பழம் உரித்து வைப்பார்கள்? தோடம்பழத்தை என்னால் விழுங்க முடியவில்லை. மலகூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வயிற்றில் கையை வைத்தபடி நின்றேன்.

இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். பிறகு பேராசிரியரின் அறைக்குள் போய், என்ன நடந்தது, ஏன் என்னை ஹொட் வேலையிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நீ கர்ப்பமாக இருக்கிறாய். அதனால்தான்."

"யார் சொன்னது?"

"நீயேதான் அதிகாரியிடம் சொன்னாய்."

"நான் இல்லை என்றுதான் சொன்னேன்!"

"நீங்கள் கர்ப்பமாக இல்லையே என்று அவர் கேட்டார். நீ யெஸ் என்றாய்."

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டது என் மண்டைக்குள் தமிழில்தான் வந்து விழுந்திருந்தது: நீங்கள் பிள்ளைத்தாச்சி இல்லைத்தானே? அதற்கு எந்தத் தமிழரும் என்ன சொல்வார்? ஓம். ஓம், நீங்கள் சொல்வது சரி, இல்லை. அந்த ஓமைத்தான் நான் யெஸ் ஆக்கிக் கொடுத்திருந்தேன். ஆங்கிலத்தில் அந்த யெஸ்ஸுக்கு, இருக்கிறேன் என்று அர்த்தமாம். எத்தனை வருடம் ஆங்கிலத்தில் படித்து, எத்தனை வருடம் இந்த நாட்டில் வேலை செய்து, கடைசியில் ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று மாதம் முடியுமுன் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே என்ற பயம்தான் வந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. உண்மைதான், இருக்கிறேன் என்று சொன்னேன். முதல் இரண்டைப் பற்றியும் சொன்னேன். பேராசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். உன் சிறுநீரைச் சோதிக்க வேண்டும், நாங்கள் எல்லாரும் கொடுக்கிறோம், உள்ளே ஏதாவது போயிருந்தால் அதில் தெரிந்துவிடும் என்றார்.

அன்று பின்னேரம் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் மெதுவாக உட்கார்ந்து, "அந்தப் போனிலையோ என்னோடை கதைச்சனீ?" என்று கேட்டார். பிறகு எழுந்து போய், மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்து எங்கள் வீட்டுத் தொலைபேசியைத் துடைத்தார். வயருக்குள்ளால் அது வராது மாமி என்றேன். "வராதெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று சொல்லிக்கொண்டே வயரையும் சுவர்வரைக்கும் துடைத்தார். நான் வயரைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன்.

சோதனையும் எங்கள் இயந்திரத்தில்தான். அதிகாரி எங்கள் மூன்று பேருடைய சிறுநீரையும் சின்னப் போத்தல்களில் விட்டு, ஒளிவிடுகிற திரவத்தைக் கலந்து, வெறும் தண்ணீர் விட்ட ஒரு போத்தலையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்து வைத்தார். தண்ணீருடைய எண்ணும் எங்களுடைய எண்ணும் ஒன்றாக வந்தால் பயமில்லை என்றார். நான் போகாமல் பக்கத்திலேயே நின்றேன். போத்தல் இறங்குகிறபோது டொக் என்று ஒரு சத்தம் வரும். தண்ணீருக்குச் சின்ன எண் வந்தது. பேராசிரியருக்கும் சீனப்பெண்ணுக்கும் அதைவிடக் கொஞ்சம் கூட. கடைசியாக என்னுடையது. எல்லாவற்றையும்விடக் கூட, பலமடங்கு கூட.

நான் குனிந்து அந்த வரியைத் திரும்பப் படித்தேன்.

அதிகாரி அவசரமாகச் சொன்னார். சிறுநீரும் இந்தத் திரவமும் சேர்ந்தால் சிலவேளை தானாகவே கொஞ்ச நேரம் ஒளிவிடும். அது கதிர்வீச்சு இல்லை, பொய் ஒளி. இருட்டில் வைத்தால் அடங்கிவிடும். அப்படியே உள்ளே விட்டு நாளைக்குத் திரும்ப எண்ணுவோம். குறைந்தால் அது பொய். குறையாவிட்டால் மேற்கொண்டு பார்ப்போம். மேற்கொண்டு என்ன பார்ப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

சாப்பாட்டு மேசையில் கணவருக்குச் சொன்னேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"நாளைக்கு எப்ப தெரியும்?"

"மத்தியானத்துக்குள்ளை."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். திரும்பச் சாப்பிட்டார், சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்தார், விடிய எழும்ப வேண்டும் என்று படுக்கப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கழுவி வைத்த அந்தக் கோப்பையைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. இந்த மனிசனுக்கு நெஞ்சுக்குள் என்னதான் இருக்கிறது? காலையில் நான் எழும்பியபோது அவர் வழக்கம்போல ஒஷாவாவுக்குப் போயிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார். எங்கள் போத்தல்களுக்குப் பின்னால் சீனப்பெண்ணும் தன் போத்தல்களை வரிசையில் வைத்திருந்தார். நான் அரைத்துக் கொடுத்த காளானிலிருந்து அவர் புதிதாகப் பிரித்தெடுத்த பங்குகள் அவை. ஆய்வுகூடத்தில் வேலை நிற்காதுதானே. நான் இயந்திரத்துக்கு முன்னால், வழக்கமாக நிற்கிற அதே இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளையாரே, சின்ன எண் போடும். எவ்வளவு சின்னதாகப் போட முடியுமோ அவ்வளவு சின்னதாகப் போடும். இத்தனை மாதமும் பெரிய எண் கேட்டு உயிரை வாங்கியவள் இப்போது சின்ன எண் கேட்கிறாளே என்று அவருக்கே குழம்பியிருக்கும்.

டொக் என்று சத்தம் வந்தது. கடுதாசி நகர்ந்தது. திரும்பவும் டொக். எந்த வரி யாருடையது என்று எனக்குப் பிடிபடவில்லை. கண் கலங்கி, எண்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் தெரிந்தன. அந்த நேரத்தில் ஒரு வரி வந்தது. அப்படி ஒரு எண்ணை அந்த இயந்திரம் எனக்கு ஒருநாளும் காட்டியதில்லை. இலக்கங்கள் பக்கத்துக் கட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போயிருந்தன.

என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று தெரியாது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போச்சு, இதுவும் போச்சு என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

அதிகாரி என் பக்கத்தில் குந்தி, கடுதாசியைக் கிழித்து என் மடியில் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினார். "இது உங்களுடையது இல்லை. உங்களுடையது மேலே இருக்கிறது. இதோ. தண்ணீரும் நீங்களும் ஒன்று." நான் பார்த்தேன். உண்மைதான். நேற்றைய பெரிய எண் அடங்கி, வெறும் தண்ணீருடைய எண் அளவாகவே, சின்னஞ்சிறியதாக நின்றது. திரும்பத் திரும்ப விரலை வைத்துப் பார்த்தேன். எண் மாறவில்லை.

அந்தப் பெரிய எண், நாங்கள் தேடிய நொதியம்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சீனப்பெண் கடுதாசியைப் பறித்துப் பார்த்தார். இதுவும் பொய் ஒளியாக இருக்கக்கூடாதே என்று அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். அது அதே பங்கைக் கொதிக்க வைத்து, நொதியத்தைச் சாகடித்து, மற்றெல்லாவற்றையும் அப்படியே சேர்த்து வைத்த போத்தல். நொதியம் உண்மை என்றால் அதில் ஒன்றும் வரக்கூடாது. வரவில்லை. அவர் தன் மொழியில் ஏதோ கத்தினார். பேராசிரியர் வந்தார், அறைக்கு அறை ஆட்கள் வந்தார்கள், யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள். தரையில் இருந்து விம்மிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, பாவம், இந்தக் காளானுக்காக எவ்வளவு பாடுபட்டாள், சந்தோசத்தில் அழுகிறாள் என்று ஒருவர் சொன்னது கேட்டது. மாதக்கணக்காக நான் கும்பிட்டுக் கேட்ட எண் அது. வந்தபோது என் உயிரை எடுத்துவிட்டுத்தான் வந்தது.

எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, கீழே போனேன். ஆய்வுகூடத்துத் தொலைபேசியை அதிகாரி கழற்றிக்கொண்டு போயிருந்தார். இருந்திருந்தாலும் அதைத் தொட்டிருக்கமாட்டேன். கீழே வாசலுக்குப் பக்கத்தில் காசு போட்டுக் கதைக்கிற தொலைபேசி இருந்தது. மாமிக்கு முதலில் சொல்லியிருக்கலாம். ஏனோ கணவருடைய ஃபக்டரி நம்பரைத்தான் அழுத்தினேன். அங்கே நான் அதுவரை ஒருநாளும் அழைத்ததில்லை. வேலை நேரத்தில் அழைக்கக்கூடாது என்பது அவர் சொல்லி வைத்திருந்தது. யாரோ எடுத்து, பொறு என்று சொல்லி, அவரைக் கூப்பிடப் போனார்கள். இயந்திரங்கள் இரைகிற சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஓடி வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது. நான் வாயைத் திறக்கவே விடவில்லை.

"பரவாயில்லை. நீர் அழாதையும். எனக்கு நீர் இருந்தாப் போதும். எந்த ஆஸ்பத்திரி எண்டு மட்டும் சொல்லும், நான் இப்ப வெளிக்கிட்டு வாறன்."

ஒரே மூச்சில், ஒரு இடத்திலும் தடக்காமல் சொன்னார். அவ்வளவு சொற்களை அவர் சேர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. இந்த வார்த்தைகளை அவர் இன்றைக்கு யோசித்துச் சொல்லவில்லை, எத்தனையோ நாட்களாக எனக்காக ஆயத்தமாக வைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஐயோ, ஒண்டுமில்லை" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இயந்திரத்தின் சத்தம் என்றுதான் நினைத்தேன். அவர்தான். அழுகிறார். பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொன்ன ஒண்டுமில்லை, வயிற்றில் ஒன்றுமில்லை என்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

"இருக்கு!" என்று கத்தினேன். "இருக்கப்பா! பிள்ளை இருக்கு! ஒண்டும் போகேல்லை, வயித்துக்குள்ளை இருக்கு!"

வாசலால் போன மாணவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. இருக்கு, இருக்கு என்று அவருக்குக் கேட்கும்வரை சொன்னேன்.

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தொண்டையைச் செருமினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மெல்லக் கதையும். அங்கை தமிழ் ஆக்கள் ஆரும் நிண்டால் கேட்டிடுவினம்" என்றார்.